மேடையை விட்டு எழாத மருமகள்

பினாங்கில் ஒரு கர்ப்பிணிப் பெண் இடுப்பைப் பிடித்துக்கொண்டு தெருவில் நின்றால் போதும், வைத்தியர்களுக்குப் பஞ்சமே இராது. பசாரில் கீரை விற்கும் சீன ஆன்ட்டி இஞ்சியை அரைத்துப் பற்றுப்போடச் சொல்வார். பக்கத்து வீட்டு மலாய்ப் பெரியம்மாவான மக்சிக், தனக்குத் தெரிந்த ஒரு கைராசிக்காரி பிடித்துவிட்டால் மறுநாளே ஓடலாம் என்பார். மாமியார் எந்த மருந்தும் சொல்ல மாட்டார். "நான் மூணு பெத்தேன், எனக்கு இப்படியெல்லாம் ஒண்ணும் வந்ததில்லை" என்பார். அது வைத்தியம் இல்லை, தீர்ப்பு.

இத்தனை பேரும் பார்த்து முடித்த பிறகு கடைசியாக வந்து சேரும் இடத்தில்தான் நான் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தேன். ஜார்ஜ்டவுனில் ஓர் அரசாங்க மருத்துவமனையின் பிசியோதெரபி பிரிவு. ஓய்வு பெற்ற பிறகு நிம்மதியாக இருக்கலாம் என்று பார்த்தால், போன மாதம் பழைய பிரிவின் பிள்ளைகள் கூப்பிட்டார்கள். கர்ப்ப காலத்தில் டிஸ்க் பிதுங்கினால் எப்படிப் பார்த்துக்கொள்வது என்று பேச வேண்டுமாம். "அனுபவத்தச் சொல்லுங்க மிஸ், ஆனா இருபது நிமிஷம்தான், அப்புறம் லஞ்ச் இருக்கு" என்றார்கள். நான் பேசி முடிப்பதற்குள் நாசி பிரியாணியின் வாசனை வந்துவிட்டது. சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

அங்கே புதிதாக ஒரு கணினி முறை வந்திருப்பதையும் காட்டினார்கள். நோயாளியிடம் கேட்க வேண்டிய கேள்விகள் வரிசையாகத் திரையில் வருகின்றன. 'சிறுநீர்: இயல்பு' என்ற இடத்தில் மட்டும் சரி என்ற குறி ஏற்கெனவே விழுந்திருக்கிறது. ஏன் என்று கேட்டேன். "எல்லாரும் அதையேதான் போடறாங்க மிஸ், டைம் சேவ் ஆகும்லா" என்றார் ஓர் இளைஞர். எல்லாரும் கூச்சப்பட்டுத் தாண்டிப்போகும் கேள்வியைத் தானாகவே தாண்டிப்போக இயந்திரத்தையும் பழக்கிவிட்டார்கள்.

என் பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கோலாலம்பூரில் படித்தேன், எலும்புகளின் பெயர்களை மனப்பாடம் செய்தேன், எலும்புக்கூட்டின் தோளில் கைபோட்டு ஒரு போட்டோ எடுத்துக்கொண்டேன். வேலை கற்றுக்கொண்டது மேடம் லிம்மிடம்தான்.

மேடம் லிம் எங்கள் பிரிவின் தலைவர். குள்ளமான உருவம், ஆண்கள் போடுகிற மாதிரி கறுப்பு ஷூ, இடுப்பில் அலமாரிச் சாவிகள். சாவிச் சத்தம் கேட்டால் படுத்திருக்கும் நோயாளிகூட நிமிர்ந்து உட்காருவார். அவருடைய அப்பா தாசேக் கெலுகோர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் மளிகைக் கடை வைத்திருந்தவர். தோட்டத்துப் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்ததால் மேடத்துக்குத் தமிழ் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் அது தோட்டத்துத் தமிழ். 'தயவுசெய்து', 'சிரமத்துக்கு மன்னிக்கவும்' என்பதெல்லாம் அந்தக் கடையில் விற்கவில்லை போலிருக்கிறது.

டிஸ்க் என்பது முதுகெலும்புத் துண்டுகளுக்கு நடுவே இருக்கும் மெத்தை. காயா என்ற தேங்காய்ப்பால் ஜாம் வைத்த ரொட்டியை ஒரு பக்கமாக அழுத்தினால் மறு பக்கம் காயா பிதுங்கும் அல்லவா, அதுபோல உள்ளே இருப்பது பிதுங்கி நரம்பை அழுத்தும். இடுப்பிலிருந்து கால் விரல்வரை மின்சாரம் பாயும். கர்ப்பிணிக்கு இது வருவது அபூர்வம். வந்தாலும் பெரும்பாலோருக்குக் கத்தியில்லாமலேயே சரியாகிவிடும். ஆனால் பெரிய துண்டாகப் பிதுங்கி, அடியில் இருக்கும் நரம்புக் கொத்தையே நசுக்கிவிட்டால் கதை வேறு. உட்காரும் இடம் மரத்துப்போகும், சிறுநீர் நின்றுவிடும். அன்றைக்கே அறுவை செய்தால் பிழைக்கலாம். நாள் கடத்தினால் நரம்பு திரும்பி வராது.

அதனால் மேடம் எதற்கும் முன்னால் அதைத்தான் கேட்பார். முதலில் கூட வந்த பட்டாளத்தை வெளியேற்றுவார். "எல்லாரும் கான்டீன் போ. தே தாரேக் குடி. கூப்பிட்டா வா." பிறகு திரையை இழுத்துவிட்டு, ஸ்டூலை நோயாளியின் முகத்துக்கு நேராகப் போட்டுக்கொண்டு கேட்பார்: "புள்ள, ஒண்ணுக்கு ஒழுங்கா வருதா? வருதுன்னு தெரியுதா? துடைக்கிறப்ப கை படுறது தெரியுதா?"

நானோ பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். வரைக்கும் தமிழை ஒரு பாடமாக எடுத்துத் தேறியவள். "சிறுநீர் கழிப்பதில் தங்களுக்கு ஏதேனும் இடர்ப்பாடு உண்டா?" என்று கேட்பேன். பெண்கள் என்னை மரியாதையோடு பார்த்து, "இல்லைங்க மிஸ்" என்பார்கள். கேள்வி புரியாதவர்கள் சொல்லும் பதில் அது. அதே பெண்ணிடம் மேடம் வந்து கேட்டால் அவள் முதலில் வாயைப் பொத்திச் சிரிப்பாள், பிறகு உண்மையைச் சொல்லுவாள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பூசை முடிந்து வெளியே வரும்போது, "உங்க மேடம் ரொம்பப் பச்சையா பேசறாங்களாமே" என்று என்னிடம் நாலு பேர் புகார் சொன்னார்கள். அதை மேடத்திடம் சொன்னேன். அவர் என் நோயாளியின் காலை மெதுவாகத் தூக்கிக்கொண்டே, "கூச்சம் ரெண்டு நிமிஷம். நரம்பு செத்தா ஆயுசுக்கும் டியூப்பு. எது வேணும், கேட்டு வா" என்றார். நான் போய்க் கேட்கவில்லை.

சோதனைக்காக அவர் காலைத் தூக்குவதே ஓர் அழகு. கர்ப்பிணியை மல்லாக்கப் போட்டு வைக்க மாட்டார். இடப்பக்கமாகச் சாய்த்து, வயிற்றின் அடியில் ஒரு மெல்லிய தலையணை, முட்டிகளுக்கு நடுவே ஒன்று. ஒரு கை குதிகாலில், ஒரு கை முட்டியில். கண் மட்டும் காலில் இராது, நோயாளியின் முகத்தில் இருக்கும். "வாய் பொய் சொல்லும், புருவம் சொல்லாது" என்பார். அப்புறம் பெருவிரலை மேலே தூக்கச் சொல்லித் தன் ஒற்றை விரலால் அழுத்துவார். குதிகாலில் நடக்கச் சொல்வார், முன்பாதத்தில் நடக்கச் சொல்வார். கடைசியில் உணர்ச்சி இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கப் பஞ்சும் ஊசியும். எல்லாம் முடிந்தபின்தான் கான்டீனிலிருந்து மாமியாரைக் கூப்பிடுவார்.

மேடம் ஓய்வு பெற்றுப் பல வருஷம் கழித்து, என் வேலையின் கடைசிப் பகுதியில் வந்தவள் தேவிகா. பீச் ஸ்திரீட்டில் ஒரு வங்கியில் வேலை. தலைச்சன் பிள்ளை, ஆறாவது மாதம். வலது காலை இழுத்துக்கொண்டு வந்தாள். ஒரு பக்கம் பிறை என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்யும் கணவன் சரவணன், கையில் தலையணையோடு. மறு பக்கம் கெப்பாலா பத்தாஸிலிருந்து மருமகளைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த மாமியார் பாக்கியம் அக்கா. அரசாங்க அலுவலகக் கவுன்டரில் காலமெல்லாம் உட்கார்ந்து ஓய்வு பெற்றவர். மற்றவர்களுக்காகப் பதில் சொல்வது கையோடு வந்த பழக்கம்.

"எங்கம்மா வலிக்குது?" என்று தேவிகாவிடம் கேட்டேன்.

"இடுப்புல ஆரம்பிச்சு கெண்டைக்கால் வரைக்கும் இழுக்குது மிஸ்" என்றார் பாக்கியம் அக்கா.

"தும்மினா கூடுதா?"

"அவ சத்தமா தும்மவே மாட்டா மிஸ். அடக்கமான பொண்ணு."

"அக்கா, கான்டீன்ல தே தாரேக் நல்லா இருக்கும்" என்றேன்.

"நான் சீனி சாப்பிடுறதில்ல" என்று அவர் உட்கார்ந்தே இருந்தார். சரவணன்தான் கெஞ்சிக் கூட்டிப்போனான். திரையை இழுத்துவிட்டு, மேடத்தின் கேள்வியை மேடத்தின் சொற்களிலேயே கேட்டேன். தேவிகா முகம் சிவந்து, சிரித்து, "அதெல்லாம் தெரியுது மிஸ்" என்றாள். பெருவிரலில் கொஞ்சம் பலம் குறைந்திருந்தது, அவ்வளவுதான். "இது தெரியாம போச்சுன்னா அன்னிக்கே வரணும், மறுநாள் கிடையாது" என்று சொன்னேன். தலையாட்டினாள்.

பிறகு குடும்பத்தை அழைத்துச் செய்முறைகளைக் காட்டினேன். படுக்கையிலிருந்து நேராக எழக்கூடாது. முட்டியை மடக்கி, தோளும் இடுப்பும் சேர்ந்து மரக்கட்டை புரள்வதுபோலப் புரண்டு, காலைக் கீழே விட்டு, கையை ஊன்றி எழ வேண்டும். தரையில் சம்மணம் போட்டு உட்காரக்கூடாது. கெட்டியான நாற்காலி, முதுகுக்குச் சுருட்டிய துண்டு, கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை எழுந்து நடை. குனியக்கூடாது. மகப்பேறு டாக்டர் எழுதிக் கொடுத்ததைத் தவிர வேறு மாத்திரை கூடாது, யாரும் பிடித்துவிடக் கூடாது. சரவணன் எல்லாவற்றையும் கைப்பேசியில் படம் எடுத்தான். "நான் பார்த்துக்குறேன் மிஸ், கவலைப்படாதீங்க" என்றார் பாக்கியம் அக்கா. அப்போதே நான் கவலைப்பட்டிருக்க வேண்டும்.

சொல்லப்போனால் அவர் நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார். சமையல், துணி, கீழே விழுந்த சீப்பு என்று எதற்கும் மருமகளைக் குனிய விடவில்லை. வாராவாரம் வலி குறைந்துவந்தது. தேவிகா காலை இழுக்காமல் நடந்தாள். ஏழாம் மாதம் வளைகாப்பு என்று எனக்கும் பத்திரிகை வைத்தார்கள். "மிஸ் சொன்ன மாதிரி தரையில மணை போடல, நாற்காலிதான்" என்று பாக்கியம் அக்கா பெருமையோடு சொன்னார்.

நாற்காலியைப் போய்ப் பார்த்தேன். வாடகைக்கு எடுத்த சிம்மாசனம். தங்கமுலாம் பூசிய சிங்கத் தலைகள், சிவப்பு வெல்வெட், உட்கார்ந்தால் இடுப்புவரை உள்ளே இழுத்துக்கொள்ளும் மெத்தை. பின்னால் மின்விளக்குச் சரம், பக்கத்தில் இரண்டு பிளாஸ்டிக் மயில். அதன் நடுவில் தேவிகா பட்டுச் சேலையில் பாதி மூழ்கியிருந்தாள். ஜார்ஜ்டவுனில் ஒரு கோயில் மண்டபம், கெப்பாலா பத்தாஸ் மொத்தமும் பாலம் தாண்டி வந்திருந்தது.

பின்னால்தான் எனக்குத் தெரிந்தது, முதல் நாள் மாலையே உறவினர்கள் வீட்டுக்கு வரத் தொடங்கிவிட்டார்களாம். வந்த பெரியவர்கள் எல்லாருடைய காலிலும் தேவிகா விழுந்து ஆசீர்வாதம் வாங்கியிருக்கிறாள். நம் பெரியவர்கள் காலில் விழுவதை விரும்புகிறவர்களே இல்லை. "வேணாம்மா, வேணாம்மா, வயித்துப் புள்ளக்காரி" என்பார்கள். சொல்லிக்கொண்டே செருப்பைக் கழற்றிவிட்டுப் பாதத்தைக் கொஞ்சம் முன்னால் வைப்பார்கள். நான் குனியக்கூடாது என்றுதான் சொன்னேனாம். ஆசீர்வாதம் வாங்கக்கூடாது என்று சொல்லவில்லையாம். எந்தக் குனிவில் டிஸ்க் இன்னும் பெரிதாகப் பிதுங்கியது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆசீர்வாதம் மட்டும் நிறையக் கிடைத்திருந்தது.

முன்வரிசையில் உட்கார்ந்து கேசரியை வாயில் போட்டேன். பாக்கியம் அக்கா நாலைந்து பெண்களோடு என் பக்கத்தில் வந்து நின்றார்.

"பாருங்க மிஸ், காலையில உட்கார்ந்தவதான். இன்னும் எழுந்திரிக்கல. ரெண்டு இளநி குடிச்சா, மோர் குடிச்சா, டாய்லெட்டுக்குக்கூடப் போகல. நான்லாம் ஏழாம் மாசத்துல ஓடிக்கிட்டே இருப்பேன். என்னா அடக்கம்!"

பெண்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். "இந்தக் காலத்துல இப்படி ஒரு மருமகளா" என்றார் ஒருத்தி.

கேசரித் தட்டைக் கீழே வைத்தேன். "வலி இருக்குதாக்கா?" என்று கேட்டேன்.

"இன்னிக்கு வலியே இல்லையாம் மிஸ்! எல்லாம் அம்மன் அருள்."

நேற்றுவரை இருந்த வலி ஓர் இரவில் காணாமல் போயிருக்கிறது. ஏழு மாதக் கர்ப்பிணி காலையிலிருந்து எழவே இல்லை. நரம்பு நசுங்கி மரத்துப்போனாலும் வலி நின்றுபோகும். வரிசையில் நின்ற அத்தைமார்களைத் தாண்டி மேடையில் ஏறினேன். வளையல் போட வந்தவள் என்று நினைத்து வழிவிட்டார்கள். சந்தனக் கிண்ணத்தில் விரலைத் தொட்டு, அவள் கன்னத்தில் பூசிக்கொண்டே காதருகே குனிந்தேன்.

"தேவிகா, ஒண்ணுக்குப் போனியா?"

"ஆன்ட்டி, கேமராவைப் பாருங்க, ஸ்மைல்" என்றார் புகைப்படக்காரர்.

தேவிகா கேமராவைப் பார்த்துச் சிரித்தாள். சிரிப்பு மாறாமலே சொன்னாள்: "காலையிலேருந்து வரல மிஸ். போய் உட்கார்ந்தேன், வரல. கீழ மரத்துப்போச்சு. பல்லு புடுங்க ஊசி போட்ட மாதிரி இருக்குது."

"எப்பேருந்து?"

"எழுந்ததுலேருந்து. அத்தைகிட்ட சொன்னேன், கீழ மரத்துப்போச்சுன்னு. பங்ஷன் முடியட்டும்மா, அதெல்லாம் சபையில பேசக்கூடாதுன்னாங்க."

அந்தப் படம் இன்னும் அவர்கள் வீட்டில் இருக்கிறது. சந்தனம் பூசிய கன்னம், முத்துப்போன்ற பல்வரிசை, பக்கத்தில் பேயறைந்தவளாக நான்.

நிமிர்ந்து சரவணனைப் பார்த்து, "காரை வாசலுக்குக் கொண்டா" என்றேன். மேடைக்குக் கீழே பாக்கியம் அக்கா குறுக்கே வந்தார்.

"மிஸ், ஆரத்தி எடுக்காம மேடைய விட்டு இறங்கக்கூடாது. அபசகுனம்."

"அக்கா, கூச்சம் ரெண்டு நிமிஷம். நரம்பு செத்தா ஆயுசுக்கும் டியூப்பு" என்றேன். சத்தமாகவே சொல்லிவிட்டேன். மேடம் லிம்மின் வாக்கியம் வெள்ளித் தட்டுகளுக்கு மேலாக மண்டபத்தின் கடைசி வரிசைவரை போனது. பாக்கியம் அக்காவின் முகத்திலிருந்த பெருமை மெல்ல மெல்ல இறங்குவதை அப்போது பார்த்தேன். அவர் ஆரத்தித் தட்டை எடுத்துக்கொண்டு எங்களுக்கு முன்னால் வாசலுக்கு ஓடினார். கார்க் கதவருகே ஒரு சுற்று. பாதித் தண்ணீர் என் சேலையில்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. வெளியூரிலிருந்து சென்டோல் என்ற தேங்காய்ப்பால் ஐஸ் குடிக்க வந்தவர்கள் சாலையோரம் வரிசையில் நின்றார்கள், அவர்களுடைய கார்கள் சாலையில் நின்றன. ஒரு கிண்ணம் சென்டோலுக்காக இத்தனை பேர் பொறுமையாக நிற்பதைப் பார்த்து நான் என் வாழ்நாளில் சொல்லாத வார்த்தைகளைச் சொன்னேன். தேவிகா பின்னிருக்கையில் பக்கவாட்டில் படுத்திருந்தாள். "மிஸ், பாப்பா உதைக்குது" என்று மட்டும் சொல்லிக்கொண்டு வந்தாள்.

அவசரப் பிரிவில் சிறுநீர் வெளியேற டியூப் போட்டதும் பை நிறைந்துகொண்டே போனது. டாக்டர்கள் ஒரு நிமிஷமும் வீணாக்கவில்லை. எம்.ஆர்.ஐ. எடுக்கக் கொண்டுபோனார்கள், அது வயிற்றுப் பிள்ளைக்குக் கெடுதல் இல்லை என்று நான் பாக்கியம் அக்காவிடம் விளக்கினேன். அவருடைய கவலை வேறு. பிரசவம் ஆகும்வரை வளையலைக் கழற்றக்கூடாது. அங்கே வேலை பார்த்த மலாய் இளைஞன் தேவிகாவின் கைகளை ஏந்திப்பிடித்து ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தான். "காச்சா போலே, பெசி தா போலே, மக்சிக்" என்றான். கண்ணாடி இருக்கலாம், இரும்பு கூடாது. இப்போதெல்லாம் கல் பதித்த உலோக வளையல்தானே நாகரிகம். ஒவ்வொன்றாகக் கழற்றக் கழற்ற பாக்கியம் அக்கா தன் கைப்பையில் வாங்கிப் போட்டுக்கொண்டார். கடைசியில் தேவிகாவின் கையில் மிஞ்சியது அவள் அம்மா போட்ட மலிவான பச்சைக் கண்ணாடி வளையல்கள் மட்டும்.

அன்றைக்கே அறுவை நடந்தது. நாங்கள் வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம். பாக்கியம் அக்கா பையைத் திறந்து வளையல்களைப் பார்ப்பதும் மூடுவதுமாக இருந்தார்.

"நாந்தான் மிஸ் பங்ஷன் முடியட்டும்னு சொன்னேன்" என்றார்.

எனக்குக் கோபம் இருந்தது. ஆனால் எழுந்து போக மனம் வரவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

தாயும் வயிற்றுப் பிள்ளையும் பிழைத்தார்கள். கால் மறுநாளே அசைந்தது. ஆனால் டியூபை எடுத்துப் பார்த்த முதல் தடவை சிறுநீர் வரவில்லை. திரும்பவும் போட்டார்கள். நான் படுக்கையிலிருந்து புரண்டு எழுவதைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தபோது தேவிகா என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்: "பாப்பாவுக்கு டயப்பர், எனக்கு டியூப்பா மிஸ்?" 'எல்லாம் சரியாயிடும்' என்று எல்லா நோயாளிக்கும் சொல்கிற பதில் ஒன்று என்னிடம் இருந்தது. அதைச் சொல்லக் கூசியது. "தெரியலம்மா, இன்னொரு தடவ பார்ப்போம்" என்றேன்.

இன்னொரு தடவை எடுத்தார்கள். அவளைக் கைத்தாங்கலாகக் கழிப்பறைக்குக் கூட்டிப்போய்க் குனியாமல் உட்காரவைத்து, கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்றேன். என் பக்கத்தில் பாக்கியம் அக்கா, கண்ணை மூடிக்கொண்டு. தண்ணீர்ச் சத்தம் கேட்டால் சிறுநீர் வரும் என்று, உள்ளே குழாயைக் கொஞ்சம் திறந்து விடச் சொன்னேன். பிறகு மூடச் சொன்னேன். குழாய் மூடிய பிறகும் சத்தம் கேட்டது.

"மிஸ், தெரியுது! வர்றது தெரியுது!" என்று உள்ளே தேவிகா அழுதாள்.

பாக்கியம் அக்கா கைப்பேசியை எடுத்து வார்டின் நடுவிலேயே நின்று கெப்பாலா பத்தாஸைக் கூப்பிட்டார். "போயிட்டா! ஒண்ணுக்குப் போயிட்டா! டியூப்பு இல்ல, தானா போனா!" ஓர் அத்தைக்குச் சொல்லி முடித்து அடுத்த அத்தை. எதிர்க்கட்டில் சீன அம்மாள் என்னைப் பார்த்து, "கெனா நொம்போர் கா?" என்றாள். நாலு நம்பர் லாட்டரி அடித்துவிட்டதா என்று கேட்கிறாள். ஆமாம் என்றேன். எனக்கும் அழுகை வந்துவிட்டது.

பெண் குழந்தை, மாதம் நிறைந்து பிறந்தாள். இப்போது பாலர் பள்ளிக்குப் போகிறாள். போன வாரம் அவர்கள் உறவில் இன்னொரு வளைகாப்பு, பத்திரிகை எனக்கும் வந்தது. அதே மாதிரி சிம்மாசனம், அதே மயில்கள். பட்டுச் சேலையும் பூவுமாக அந்தப் பெண் படியேறப் போகும்போது, மேடைக்குக் கீழே பாக்கியம் அக்கா குறுக்கே நின்றார். சபை முழுக்கக் கேட்கும்படி கேட்டார்:

"ஏம்மா, ஒண்ணுக்குப் போனியா?"

பெண் முகம் சிவந்து இல்லை என்று தலையாட்டினாள். "போயிட்டு வந்து உட்காரு. நல்ல நேரம் எங்கயும் ஓடிப் போகாது" என்றார்.

அவள் போனாள். ஐயர், புகைப்படக்காரர், முன்வரிசைப் பெரியவர்கள் எல்லாரும் காத்திருந்தார்கள்.